சேடில் பிளாட்ஃபார்ம் சுழல்கிறதா, சாய்கிறதா, கத்துகிறதா? வீட்டில் செய்ததையும் மாற்றியமைத்ததையும் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு மரமேறுகிறவர்களில் ஒரு சாரார் ஸ்டாண்டில் உட்காருவதை விட்டுவிட்டு சேடிலுக்கு மாறிவிட்டார்கள். இடுப்பையும் தொடையையும் தாங்கும் ஒரு துணி இருக்கை, அதை மரத்தோடு பிணைக்கும் டெதர் கயிறு, கால் ஊன்ற ஒரு சின்னத் தட்டு. சாமான் அவ்வளவுதான். மிச்சிகன்காரர் ஜான் எபர்ஹார்ட் போன்ற பழைய ஆட்கள் 1980-களிலேயே இப்படி வேட்டையாடியவர்கள். கால் வைக்க மரத்தைச் சுற்றி வரிசையாகப் படிகளை மாட்டிக்கொண்டார்கள். இன்று அந்தப் படிகளின் இடத்துக்கு பிளாட்ஃபார்ம் வந்திருக்கிறது. கடையில் விலை அதிகம் என்பதாலும், பட்டறையில் கை சும்மா இருக்காது என்பதாலும், பலர் தாங்களே செய்கிறார்கள். அல்லது பழைய ஹேங்-ஆன் ஸ்டாண்டின் (மரத்தில் மாட்டி உட்காரும், சீட்டும் தட்டும் உள்ள ஸ்டாண்ட்) சீட்டைக் கழற்றி, தட்டை அறுத்துச் சின்னதாக்கிக்கொள்கிறார்கள்.

அங்கேதான் வம்பு ஆரம்பம். ஹேங்-ஆன் ஸ்டாண்டில் மனிதன் மரத்துக்கு முதுகு காட்டி உட்காருகிறான். எடை நேராகக் கீழே போகிறது. சேடிலில் மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்கிறான். டெதர் உடம்பை மரத்தின் பக்கம் இழுக்கிறது, அதற்கு ஈடாகக் கால் தட்டைக் கீழேயும் மரத்தை நோக்கியும் தள்ளுகிறது. முன்னால் நிற்கும்வரை இது நல்லதுதான், தட்டு மரத்தோடு இன்னும் இறுகும். ஆனால் மான் பக்கவாட்டில் வரும்போது நீங்கள் மரத்தைச் சுற்றி நகர்வீர்கள். அப்போது அதே தள்ளல் தட்டின் விலாவில் விழுகிறது. உட்காரும் ஸ்டாண்டை வடிவமைத்தவர் கணக்கில் எடுக்காத விசை இது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன. உலோகம் பலவீனம் என்று நினைத்துத் தடிமனைக் கூட்டுகிறவர்கள் எடையைத்தான் கூட்டுகிறார்கள், கோளாறு அப்படியே இருக்கும்.

பாகங்களுக்கு நான் சொல்லும் பெயர்கள்: கால் வைப்பது தட்டு. மரத்தோடு ஒட்டி நிற்பது தண்டு. தண்டின் மேலும் கீழும் மரத்தைத் தொடும் இடங்கள் மேல்பிடி, கீழ்பிடி. மரத்தைச் சுற்றிக் கட்டுவது ஸ்ட்ராப். தட்டில் ஏறினால் மேல்பிடி மரத்தை விட்டு விலகப் பார்க்கும், கீழ்பிடி மரத்துக்குள் அழுந்தும். விலகப் பார்ப்பதைப் பிடித்து வைப்பதுதான் ஸ்ட்ராப்பின் வேலை. அதனால் ஸ்ட்ராப் எப்போதும் மேல்பிடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எதைச் சோதித்தாலும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சோதியுங்கள். இருபது அடிக்குப் போய்ச் சோதிக்க எதுவும் இல்லை. உயரத்தில் பிளாட்ஃபார்மைக் கட்டும்போது மரத்தைச் சுற்றிப் போடும் லைன்மேன் கயிறு இடுப்பில் மாட்டியிருக்க வேண்டும். டெதரை மாட்டி, தளர்வு இல்லாமல் இழுத்துவிட்ட பிறகுதான் முதல் கால் தட்டுக்குப் போகலாம். தட்டு கழன்றாலும் நீங்கள் சேடிலில் தொங்கியபடி இருந்தால் அது வெறும் எரிச்சல். டெதர் தளர்ந்து கிடந்தால் அதே சம்பவம் விபத்து.

பக்கவாட்டில் காலை வைத்ததும் தட்டு சுழல்கிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதிகம் பேர் தவறாகச் சரிசெய்வதும் இதைத்தான். எல்லோரும் முதலில் ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்குவார்கள். ராட்செட் (பல்சக்கரப் பக்கிள்) வாங்கி, அதைக் குழாய் மாட்டி நெம்புவார்கள். கொஞ்சம் பலன் தெரியும். பிறகு மரப்பட்டை நசுங்க, மறுபடி சுழலும்.

முதலில் பிளாட்ஃபார்மைக் கழற்றி மரப்பட்டையில் விழுந்திருக்கும் தடங்களைப் பாருங்கள். மேல்பிடி இருந்த இடத்தில் இரண்டு தெளிவான பள்ளங்கள் தெரிகின்றனவா? நடுவில் ஒரே கோடாக ஒரு தடம் மட்டும் இருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. சதுரக் குழாயை அப்படியே உருண்டையான மரத்தில் சாத்தினால் தொடுவது ஒரு கோடுதான், அந்தக் கோடே அச்சாகித் தட்டு சுற்றும். வி வடிவப் பிராக்கெட் போட்டு, இரண்டு முனைகளும் மரத்தைத் தனித்தனியாகக் கடிக்கும்படி செய்ய வேண்டும். முனைகளுக்கு இடையே நான்கு ஐந்து அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது, ஆனால் ஒல்லி மரத்தில் அகலமான வி பிராக்கெட்டின் அடிப்பகுதி மரத்தில் முட்டி, முனைகள் அந்தரத்தில் நிற்கும். நீங்கள் வழக்கமாக ஏறும் மரத்தின் பருமனை அளந்து அதற்கேற்பச் செய்யுங்கள்.

மேல்பிடி சரியாக இருந்து, தட்டின் பின்விளிம்பு மரத்தைத் தொடாமல் இருக்கலாம். சீட்டுப் போன ஹேங்-ஆன் ஸ்டாண்டுகளில், தட்டை அறுத்தவர் மரத்தைக் கடிக்கும் பின்பக்கப் பல்லையும் சேர்த்து அறுத்திருப்பார். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தொடுபுள்ளிகள் இருக்கும் பிளாட்ஃபார்ம் கிட்டத்தட்ட சுழலவே சுழலாது. மூன்று இருந்தால் சமாளிக்கும். இரண்டே இருந்தால் ஸ்ட்ராப்பை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

எப்போதும் ஒரே திசையில் மட்டும் சுழல்கிறது, வலப்பக்கம் மிதித்தால் போகும், இடப்பக்கம் மிதித்தால் அசையாது என்றால் ஸ்ட்ராப் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டப்பட்டிருக்கும், அல்லது இறுக்கும்போது பக்கிள் இருக்கும் பக்கமாகத் தண்டே நகர்ந்திருக்கும். இதற்குச் செலவே இல்லாத வைத்தியம் உண்டு. தண்டை நீங்கள் விரும்பும் இடத்திலிருந்து பக்கிளுக்கு எதிர்ப்பக்கமாக அரை அங்குலம் தள்ளி வைத்து இறுக்குங்கள். இழுபட்டு வந்து நடுவில் நிற்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய, தண்டின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு கொளுவிகள் வைத்து, ஸ்ட்ராப் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்படி செய்ய வேண்டும்.

அப்புறம், மரத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஸ்ட்ராப் பின்னால் தாழ்ந்து தொங்கினால் உங்கள் எடை ஏறியதும் தண்டு கால் அங்குலம் இறங்கும், ஸ்ட்ராப் சுற்றும் பாதை குறுகித் தளர்ந்துவிடும். பின்பக்கம் மட்டமாகவோ ஒரு விரல் உயரமாகவோ இருந்தால், தண்டு இறங்க இறங்க ஸ்ட்ராப் இறுகும். இருட்டில் அவசரமாகச் சுற்றிப் போடும்போது ஸ்ட்ராப் தாழ்வது இயல்பு. கட்டி முடித்ததும் கையைப் பின்னால் விட்டு ஒருமுறை மேலே ஏற்றிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் இறுக்கம். தட்டின் முன்முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி ஸ்ட்ராப்பைக் கையால் முடிந்தவரை இழுத்து, பிறகு தட்டை நெம்புகோல் மாதிரி கீழே அழுத்தினால் தொடுபுள்ளிகள் மரத்தைக் கடித்து உட்காரும். ஒரு காலை வைத்து அழுத்தி, ஸ்ட்ராப்பில் தளர்வு வந்திருந்தால் இன்னொருமுறை இழுங்கள். இப்படிச் செய்தால், கையால் இழுத்தால் பிடித்துக்கொள்ளும் கேம் பக்கிளே போதும். ராட்செட் சத்தம் போடும், எடை கூடும். அதை நான் பரிந்துரைப்பதில்லை.

முன்முனை கீழே சாய்கிறது

கட்டும்போதே சாய்ந்திருந்தால் மரம்தான் காரணமா என்று பாருங்கள். நேரான மரம் காட்டில் அபூர்வம். மரம் கிழக்கே சாய்ந்திருக்க, நீங்களும் கிழக்குப் பக்கம் கட்டினால் தட்டு கீழ் நோக்கும். மேற்குப் பக்கம் கட்டினால் மேல் நோக்கும். மரத்தைச் சுற்றி நாலடி நகர்ந்து கட்டினாலே தீர்ந்துபோகிற பிரச்சினைக்குப் பலர் வெல்டிங் செட்டை எடுக்கிறார்கள்.

கட்டும்போது மட்டமாக இருந்து, ஏறிய பிறகு சாய்ந்தால் மூன்று இடங்களைத் தேட வேண்டும். மடக்கும் பிளாட்ஃபார்ம் என்றால் கீல் போல்ட்டின் ஓட்டை. அலுமினியத்தில் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். போல்ட்டைக் கழற்றி ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். பெரிய போல்ட் போட ஓட்டையை மேலும் துளைப்பது குறுக்குவழி, விளிம்புக்கும் ஓட்டைக்கும் இடையே உள்ள உலோகம் அதனால் மெலிகிறது. வெண்கல புஷ் (சிறு உள்வளையம்) ஒன்றை உள்ளே அடித்துப் பொருத்துவது நல்ல வழி. அதுவும் சுற்றிலும் போதிய உலோகம் மிஞ்சினால்தான்.

இரண்டாவது, தட்டு வந்து முட்டி நிற்கும் நிறுத்தம். ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் முன்முனையில் அது பல மில்லிமீட்டர் இறக்கமாகத் தெரியும். இந்த இடத்தில் சரிசெய்யக்கூடிய போல்ட் ஒன்றை வைத்துவிட்டால், தேய்மானம், சாய்ந்த மரம் இரண்டையும் ஒரே ஸ்பேனரில் சமாளிக்கலாம். வீட்டில் செய்யும் மாற்றங்களில் உழைப்புக்கு அதிகப் பலன் தருவது என் கணிப்பில் இதுதான்.

மூன்றாவது, கம்பி வடம். பழைய ஹேங்-ஆன் ஸ்டாண்டுகளில் தட்டின் முன்பக்கத்தைத் தண்டின் உச்சியோடு இணைக்கும் இரண்டு வடங்கள் இருக்கும், அவற்றின் மேல் பிளாஸ்டிக் உறை. அந்த உறைக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. வெளியே பளபளப்பாகவும் உள்ளே துருவாகவும் இருக்கும். உறை எங்காவது உப்பியிருந்தாலோ, முனையில் செம்பழுப்புக் கறை தெரிந்தாலோ இரண்டு வடங்களையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் நீளம் ஒத்துவராது, தட்டு கோணும். தட்டைச் சின்னதாக்கியவர்கள் வடத்தையும் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது கடையில் கிடைக்கும் யு-போல்ட் கிளிப்பைத் திருகுகிறார்கள். யு வளைவு எடை தாங்காத முனையின் மேல் வர வேண்டும், அடிக்கட்டை எடை தாங்கும் வடத்தின் மேல் உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்டால் எடை தாங்கும் வடம் நசுங்கி அறுந்துபோகும். என்னைக் கேட்டால் கிளிப்பையே தவிர்த்துவிட்டு, ஃபெரூல் (உலோகக் குழல்) நசுக்கி முடித்த வடத்தைச் சரியான நீளத்தில் செய்து வாங்குங்கள். விலை பெரிதில்லை.

பொதுவாக, எடை இல்லாதபோது முன்முனை சற்றே தூக்கி இருக்கும்படி கட்டுங்கள். ஏறினால் மட்டத்துக்கு வரும்.

மரத்தில் வழுக்கிக் கீழே இறங்குகிறது

இங்கே பிளாட்ஃபார்மைவிட மரமே பெரிய குற்றவாளி. பீச், ஆஸ்பென் போன்றவை வழவழப்பான பட்டை கொண்டவை. ஈரமானால் இன்னும் மோசம். ஷாக்பார்க் ஹிக்கரியில் நேர் எதிர்ப் பிரச்சினை. பட்டை நீளநீளமான பாளங்களாக உரிந்து நிற்கும், பல் கடிப்பது அந்தப் பாளத்தைத்தான், மரத்தை அல்ல. எடை ஏறினால் பாளமே பிய்ந்து வரும். பட்டை கெட்டியாக ஒட்டிய மரத்தில் இதே பிளாட்ஃபார்ம் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் குறை எங்கே என்று புரிந்துவிடும்.

செத்த மரத்தில் ஏறவே கூடாது. ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத நிற வண்டு (எமரால்டு ஆஷ் போரர்) 2002-இல் மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அந்த வட்டாரம் முழுக்க ஆஷ் மரங்கள் நின்றபடியே செத்துக்கொண்டிருக்கின்றன. செத்த ஆஷ் சீக்கிரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அக்டோபரில் இலை உதிரும் நேரத்தில் உயிருள்ளதும் செத்ததும் ஒரே மாதிரி தெரியலாம். பட்டை கழன்றிருக்கிறதா, வண்டு துளைத்த ஆங்கில டி வடிவச் சிறு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வேறு மரத்துக்குப் போங்கள்.

மரம் சரி என்றால் பல்லைப் பாருங்கள். அலுமினியப் பல் சீக்கிரம் மழுங்கும். அரத்தால் தீட்டலாம், ஆனால் ஒவ்வொரு தீட்டலிலும் பல் குட்டையாகிறது. எஃகுப் பல் துண்டுகளைப் போல்ட் போட்டு மாற்றும்படி அமைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். ஊசிமுனையாக்கி மரத்தின் சதைவரை இறக்கிவிடலாம் என்று யோசிக்க வேண்டாம். மிச்சிகன் பொதுநிலத்தில் மரப்பட்டையைத் தாண்டி உயிர்த்திசுவைத் துளைக்கும் திருகுப்படி, ஆணி எதையும் பயன்படுத்த முடியாது. வேறு பல மாநிலப் பொதுநிலங்களிலும் இதைப் போன்ற விதிகள் உண்டு. ஏறப்போகும் இடத்தின் விதியைப் படித்துவிட்டுத்தான் பல்லின் நீளத்தை முடிவுசெய்ய வேண்டும்.

ஸ்ட்ராப் நைலானா பாலியெஸ்டரா என்பதும் முக்கியம். நைலான் நனைந்தால் நீளும். சாயங்காலம் இறுக்கிக் கட்டியது இரவு மழைக்குப் பின் காலையில் தளர்ந்து கிடக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, அதையே வாங்குங்கள். லேபிளில் இரண்டு எண் இருக்கும்: அறுபடும் எடை, வேலை எடை. வேலை எடை அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எண்ணை.

சத்தம்

எந்தச் சத்தம் என்பதில்தான் விஷயம். ஏறிய முதல் நிமிடம் 'நொறுக் நொறுக்' என்றால் மரப்பட்டை நசுங்குகிறது. தானே அடங்கும். ஒவ்வொரு முறை எடை மாற்றும்போதும் 'கிறீச்' என்று தேய்ந்தால் கீலில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. கழற்றி நைலான் வாஷர் போடுங்கள். எண்ணெய் வேண்டாம், வாசனை மானுக்கு எட்டும், தூசியும் சேரும். முனகல் மாதிரி வந்தால் ஸ்ட்ராப் பக்கிளில் நழுவுகிறது, அல்லது இரண்டு சுற்று ஸ்ட்ராப் ஒன்றன்மேல் ஒன்று உரசுகிறது. இறுக்கம் போகிறதா என்று கவனியுங்கள்.

'டிக்' என்று ஒரே ஒரு கூர்மையான சத்தம், அதுவும் முன்பு இல்லாதது, குளிர் காலையில் வந்தால் இறங்கிவிடுங்கள். குளிரில் உலோகம் சுருங்கிப் பொருந்துமிடம் நகர்ந்ததாக இருக்கலாம். விரிசலாகவும் இருக்கலாம். மேலே இருந்துகொண்டு இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை.

நடக்கும்போது முதுகில் கடகடக்கும் சத்தம் வேறு ரகம். தட்டு தண்டின்மேல் மடிந்து மோதும் இடம், பக்கிள் தொங்கி அடிக்கும் இடம், இந்த இரண்டையும் மூடினால் பெரும்பகுதி போய்விடும். ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் துணி டேப் மலிவு, குளிரிலும் ஒட்டும். ரப்பர் பூச்சு ஸ்ப்ரே அழகாக இருக்கும், ஆனால் கீல் போல்ட்டுக்கு அடியிலும் பல்லிலும் படக் கூடாது. வெல்டிங் கோடுகளின் மேல் டேப் சுற்றவோ தடித்த பூச்சு அடிக்கவோ வேண்டாம். அடுத்த பகுதியைப் படித்தால் ஏன் என்று புரியும்.

வெல்டிங் பக்கத்தில் கோடு, வெள்ளைப் பொடி, தளரும் போல்ட்

வெல்டிங்கை ஒட்டி முடி போன்ற ஒரு கோடு தெரிந்தால் அந்த பிளாட்ஃபார்ம் இன்றைக்கு மரமேறாது. பெயிண்ட் கீறலா உலோக விரிசலா என்று சந்தேகமிருந்தால் வெல்டிங் கடையில் கிடைக்கும் ஊடுருவு சாய ஸ்ப்ரேயை வாங்குங்கள். பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் அடித்து, சிறிது நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். டேப் சுற்றியிருந்தால் இந்தக் கோட்டைப் பார்க்கவே முடியாது.

விரிசல் ஏன் எப்போதும் வெல்டிங்குக்குப் பக்கத்தில் வருகிறது? வீட்டு பிளாட்ஃபார்ம்களில் பெரும்பாலும் 6061-டி6 அலுமினியம்தான் பயன்படுகிறது. டி6 என்பது வெப்பச் சிகிச்சையால் வந்த வலிமையைக் குறிக்கிறது. வெல்டிங் சூடு அந்தச் சிகிச்சையை அந்த இடத்தில் அழித்துவிடும். வெல்டிங்கிலிருந்து சுமார் ஒரு அங்குலத் தூரம்வரை உலோகம் ஏறத்தாழ நாற்பது சதவீத வலிமையை இழந்து நிற்கும். வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது நடக்கும். எனவே கேள்வி, அந்த மென்மையான பகுதி எங்கே விழுகிறது என்பது. தண்டும் தட்டும் சேரும் மூலையில்தான் வளைவு விசை உச்சத்தில் இருக்கும், எல்லோரும் வெல்டிங் வைப்பதும் அங்கேதான். முக்கோணத் தகடு ஒன்றை வைத்து, விசையைப் பரப்பி, வெல்டிங்கை மூலையிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும். அல்லது அந்த இணைப்பைப் போல்ட்டில் செய்ய வேண்டும்.

விரிசலின் மேல் மறுபடி வெல்டிங் ஓட்டுவது பயனற்றது, மென்மையான பகுதி இன்னும் அகலமாகும், அவ்வளவுதான். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

7075 அலுமினியத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தால் ஆசை வரும். 6061-ஐவிட வலிமை அதிகம்தான். ஆனால் அது வழக்கமான வெல்டிங்குக்கு ஒத்துவராது, ஆறும்போதே விரிசல் விடும். போல்ட் போட்டு மட்டும் பயன்படுத்துங்கள். வார்ப்பு அலுமினியத் தட்டை அறுத்துச் சின்னதாக்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உள்மூலைகளைக் கூர்மையாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அறுப்பதற்கு முன்பே மூலையில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் அறுப்பு வந்து முடியும்படி செய்தால் மூலை உருண்டையாக இருக்கும். விலா எலும்பு போல ஓடும் வரம்புகளை இடையில் வெட்டாதீர்கள், எடை போகும் பாதை அதுதான்.

முப்பரிமாண அச்சில் செய்த பாகங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், மூடிய காருக்குள் வெயிலில் கிடந்தால் கோணிவிடலாம். வில் மாட்டும் கொக்கி, ஸ்ட்ராப் சுற்றி வைக்கும் கிளிப் போன்றவற்றுக்குச் சரி. எடை தாங்கும் எதிலும் வேண்டாம்.

வெள்ளைப் பொடி அலுமினிய அரிப்பு. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில், ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் இதுதான் கதை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டு அலுமினியத்தைத் தின்னும். குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலைகளில் பிக்கப் வண்டியின் திறந்த பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் இது வேகமாக வரும். கழுவிக் காயவையுங்கள். போல்ட்டுக்கும் தட்டுக்கும் இடையே நைலான் வாஷர் போடுங்கள்.

போல்ட் அடிக்கடி தளர்ந்தால் நைலான் வளையம் வைத்த நட் போடலாம். அதையும் பலமுறை கழற்றி மாட்டினால் பிடிப்புப் போய்விடும், மலிவுப் பொருள், புதிது போடுங்கள். ஆனால் இறுக்க இறுக்கத் தளர்கிறது என்றால் வேறு விஷயம் நடக்கிறது. குழாய் உள்ளே நசுங்கிக்கொண்டிருக்கிறது. குழாய்க்குள் போல்ட்டைச் சுற்றி ஒரு உள்குழல் வைத்தால் போல்ட் எவ்வளவு இறுகினாலும் சுவர்கள் நசுங்காது. போல்ட்டின் தரத்தைத் தலையில் படியுங்கள்: மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாததைக் கீல் பக்கம் கொண்டுவராதீர்கள். மரை உள்ள பகுதி வெட்டு விசை விழும் இடத்தில் வராதபடி, வழவழப்பான கழுத்து போதிய நீளமுள்ள போல்ட்டாக எடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு எடைச் சோதனை. உங்கள் எடை, குளிருடை, பூட்ஸ், பை, வில் எல்லாவற்றையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். மொத்தம் 200 பவுண்டு என்றால் 400. கடையில் 50 பவுண்டு மணல்மூட்டை கிடைக்கும், எட்டு மூட்டை. தரைக்கு ஒரு அடி மேலே கட்டி, தட்டின் முன்பாதியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு இரவு விடுங்கள். இரண்டாவது நாள் அதில் பாதியை ஒரு பக்க விளிம்பில் மட்டும் தொங்கவிடுங்கள். மட்டப்பலகையை முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். சோதனைக்குப் பிறகு பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை என்றால் ஏதோ நிரந்தரமாக வளைந்துவிட்டது. மூட்டையை வைக்கும்போதும் எடுக்கும்போதும் காலைத் தட்டுக்கு அடியில் விடாதீர்கள்.

ஸ்ட்ராப்புக்குப் பதில் போட்ட கயிறு நழுவுகிறது

எடை குறைக்க ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு ஆம்ஸ்டீல் கயிறு போடுகிறவர்கள் அதிகம். டைனீமா இழை, கால் அங்குலக் கயிறே ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் தாங்கும். ஆனால் அந்த இழை மெழுகு போல வழுக்கும். சாதாரண முடிச்சு எதுவும் அதில் நம்பகமாக நிற்காது, நின்றாலும் வலிமையில் பாதிக்கு மேல் முடிச்சே தின்றுவிடும். கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்ன வேண்டும், செருகும் நீளம் விட்டத்தைப் போல எழுபது மடங்குக்குக் குறையாமல். கால் அங்குலத்துக்கு ஒன்றரை அடி ஆகும். அதன் மேல் ஒரு பூட்டுத் தையல். எடை இல்லாமல் பையில் குலுங்கும்போது செருகல் வெளியே வந்துவிடாமல் தடுப்பது அந்தத் தையல்தான்.

புதிதாகப் பின்னிய கயிறு முதல் சில ஏற்றங்களில் நீளும். பின்னல் இறுகுவதால் வருவது, பயப்பட வேண்டாம். வீட்டிலேயே எடை ஏற்றி இழுத்து வைத்துவிட்டுக் காட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். முனையை உருக்க நெருப்பைக் காட்டும்போது தள்ளியே காட்டுங்கள். இந்த இழை 150 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். அதே காரணத்தால், உரசிச் சூடாகும் இடங்களில் இது வேண்டாம். டெதருக்கு, மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் உறையிட்ட கயிறுதான் சரி. பிளாட்ஃபார்மில் எவ்வளவு வேண்டுமானாலும் கைவரிசை காட்டுங்கள், டெதரையும், சேடிலில் டெதர் மாட்டும் கயிறான பிரிட்ஜையும், இரண்டையும் இணைக்கும் கொக்கியான காரபினரையும் தரமறிந்து கடையில் வாங்குங்கள்.

பாதம் வலிக்கிறது, விறைக்கிறது, வழுக்குகிறது

ஒரு மணி நேரத்தில் பாதத்தின் நடுவில் வலி வந்தால் தட்டின் விளிம்பு கூராக இருக்கும். அரத்தால் உருட்டிவிடுங்கள், கெட்டியான அடி கொண்ட பூட்ஸ் போடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் டெதரைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். எடை காலிலிருந்து சேடிலுக்குப் போகும், முழங்கால் மரத்தில் சாயும். முட்டிக்கவசம் தேவைப்படும்.

அலுமினியம் பூட்ஸின் சூட்டை உறிஞ்சும். மாடிப்படியில் ஒட்டும் ரப்பர் துண்டை தட்டில் ஒட்டினால் குளிரும் குறையும், வழுக்கலும் குறையும், சத்தமும் குறையும். மணல் ஒட்டிய டேப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பூட்ஸ் நகர்ந்தால் 'சரக்' என்று கேட்கும். நவம்பர் உறைபனியில் இரண்டுமே வழுக்கும். அதற்குத் தட்டில் பெரிய ஓட்டைகள் இருப்பதுதான் உதவும், பனி தங்க இடம் குறைவு. ஏறியதும் பூட்ஸ் விளிம்பால் பனியைச் சுரண்டிக் கீழே தள்ளிவிட்டு நில்லுங்கள்.